தொட்டிக்கு உறை ஊற்றியது யார்

அன்று காலை தொட்டியருகே இருந்தவர்கள்: என் அம்மா செல்வி, ஆட்டோ ஓட்டும் முருகேசன் சித்தப்பா, எதிர்வீட்டுப் பேச்சியம்மா அத்தை, கால்வாய்க்கு அந்தப் பக்கத்திலிருந்து பலகைப் பாலத்தில் நடந்து வந்த நபீசா இத்தா, கடைசியாக, பல் தேய்த்து முடிக்காத நான்.

இல்லாதவர்கள்: வல்லார்பாடம் கண்டெய்னர் யார்டில் ராத்திரி ஷிப்ட் முடியாத அப்பா. தங்கை மகள் கல்யாணத்துக்குத் திருச்சூர் போயிருந்த என் மேலதிகாரி ஜோசப் சார். முக்கியமாக, அங்கே இருந்தே தீர வேண்டிய ஒன்று இல்லை. தெளிந்த தண்ணீர்.

இருந்தது நுரை. தொட்டி வாயிலிருந்த பிளாஸ்டிக் மூடி ஒரு பக்கம் சாய்ந்து, குடித்துவிட்டு வந்தவன் தொப்பி மாதிரி நின்றது. அதன் அடியிலிருந்து வெள்ளையாக, மெத்தென்று, அவசரமே இல்லாமல் நுரை வெளியே வந்துகொண்டிருந்தது. காங்கிரீட்டின் மேல் வழிந்து, நாங்கள் நட்ட கல்வாழையின் காலடிக்குப் போய்க்கொண்டிருந்தது.

"நல்லாப் பொங்கியிருக்கு மதினி," என்றார் சித்தப்பா அம்மாவிடம். அவர் குரலில் கவலை இல்லை. பாராட்டு இருந்தது.

வெள்ளிக்கிழமை மாநகராட்சிச் சுகாதாரப் பிரிவிலிருந்து ஆய்வுக்கு வருகிறார்கள். அன்று செவ்வாய்.

மாவு லைன்

கொச்சியின் மட்டாஞ்சேரியில் எங்கள் சந்துக்கு அரசாங்கம் வைத்த பெயர் ஏதோ இருக்கிறது. தபால்காரருக்கே அது மறந்துவிட்டது. மாவு லைன் என்றால் ஆட்டோக்காரர் கேள்வி கேட்காமல் கொண்டுவந்து இறக்குவார். பதினோரு வீடு. எல்லா வீட்டுக்காரர்களும் தாத்தா காலத்தில் தென்காசிப் பக்கமிருந்து வந்தவர்கள். எல்லா வீட்டிலும் கிரைண்டர். மட்டாஞ்சேரி, தோப்பும்படி ஹோட்டல்களில் காலையில் நீங்கள் பிய்த்துப் போடும் தோசை, பெரும்பாலும் முந்தின நாள் எங்கள் சந்தில் ஆடிக்கொண்டிருந்ததுதான்.

நான் இங்கேயே பிறந்து மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவன். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள். தமிழை எழுதப் படித்தது பிற்பாடுதான். இந்தத் தொடரில் எங்காவது ஒரு மலையாள வார்த்தை திருட்டுத்தனமாக உட்கார்ந்திருந்தால், அதை ஆசிரியர் விட்டுவைத்திருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

மாவு அரைத்தால் தண்ணீர் சேரும். அரிசி ஊறிய தண்ணீர், உளுந்து கழுவிய தண்ணீர், கிரைண்டர் கழுவிய தண்ணீர். பார்க்கப் பால் போல இருக்கும், ஒரு பகல் கழிந்தால் கிட்டத்தில் நிற்க முடியாது. இத்தனை வருஷமும் அது நேராகக் கால்வாயில்தான் விழுந்தது. கால்வாய்க்கு அந்தப் பக்கம் நபீசா இத்தாவின் அடுக்களை ஜன்னல்.

புகார் எழுதியது இத்தாதான். அதை அவர் மறைக்கவில்லை. அம்மாவிடம் தினமும் சாயங்காலம் மாவு வாங்கிக்கொண்டு, "செல்வீ, இன்னும் ஒரு பராதி எழுதிட்டுண்டு கேட்டோ," என்று சொல்லிவிட்டுத்தான் போவார். பராதி என்றால் புகார். அம்மாவும் சரி இத்தா என்று மாவை இன்னொரு கரண்டி கூட ஊற்றி அனுப்புவாள். இரண்டு பேருக்கும் சண்டை இல்லை. நாற்றம்தான் பிரச்சினை.

எழுத எழுத ஒருநாள் பதில் வந்தது. கழிவுநீரைச் சுத்தம் செய்யாமல் கால்வாயில் விட்டால் பதினோரு வீட்டுக் கிரைண்டருக்கும் சீல். அந்த நோட்டீஸைச் சந்தில் சத்தமாக வாசித்துக் காட்டியவன் நான். பேச்சியம்மா அத்தை கேட்டுவிட்டு, "படிச்ச பிள்ளை வாயால இதைத்தான் கேக்கணும்னு இருந்திருக்கு," என்றாள்.

என் வேலை என்னவென்றால்

இந்த இடத்தில் என் வேலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் சொல்லி ஜெயித்ததில்லை, உங்களிடமாவது பார்க்கிறேன்.

ஊருக்கு ஒன்றாக, தெருவுக்கு ஒன்றாக, அந்தந்த இடத்துக் கழிவுநீரை அந்தந்த இடத்திலேயே சுத்தம் செய்கிற தொட்டி கட்டித் தரும் சின்ன நிறுவனத்தில் இருக்கிறேன். பெரிய குழாய் போட்டு எங்கோ கொண்டுபோகும் வசதி கிராமங்களில் கிடையாது. அதனால் மண்ணுக்கடியில் அறை அறையாக ஒரு தொட்டி. முதல் அறைகளில் கண்ணுக்குத் தெரியாத ஜீவன்கள் அழுக்கைத் தின்னும். மீதி வேலையை ஜல்லிப் படுகையில் நட்ட கல்வாழை வேர்கள் பார்த்துக்கொள்ளும். கடைசித் தொட்டியில் விழும் தண்ணீர் குடிக்க ஆகாது. கக்கூஸுக்கு, செடிக்கு, வண்டி கழுவத் தாராளமாக ஆகும்.

பாலக்காட்டுப் பக்கம் ஒரு கிராமத்தில் இப்படி ஒன்று கட்டினோம். கட்டும்போது ஊரே மூக்கைப் பொத்திக்கொண்டு எதிர்த்தது. ஆறு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் தொட்டியின் காங்கிரீட் மூடிமேல் பாய் விரித்துச் சீட்டாடுகிறார்கள். ஊரிலேயே குளிர்ச்சியான இடம் அதுதானாம். எங்களைப் பார்த்ததும், கீழே ஏதாவது பழுது பார்க்க வேண்டுமென்றால் இந்த ஆட்டம் முடியட்டும் என்றார்கள்.

எனக்கு அது பெரிய வெற்றி. வீட்டிலோ, தென்காசிக் கல்யாணம் ஒன்றில் சொந்தக்காரர்கள் பையன் என்ன செய்கிறான் என்று கேட்டபோது அம்மா, "கொச்சியில ஆபீஸ் வேலை," என்று முடித்துவிட்டாள். நான் சும்மா இருந்திருக்கலாம். செல்போனை எடுத்து, நாங்கள் கட்டிய தொட்டியின் படங்களை வரிசையாகக் காட்டினேன். பந்தியில் எனக்கு இருபுறமும் இலை காலியாகவே இருந்தது.

அம்மாவுக்குப் புரிந்தது

நோட்டீஸ் வந்த பிறகு ஜோசப் சாரைக் கெஞ்சி, ஒரு மானியத்தைப் பிடித்து, சந்தின் கடைசியில் தொட்டியைக் கட்டி முடித்தோம். தண்ணீரைத் திருப்பிவிட்ட அன்று சந்துக்காரர்களைக் கூட்டி விளக்கம் சொன்னேன். கரும்பலகைகூட வைத்திருந்தேன்.

புதுத் தொட்டியில் அந்த ஜீவன்கள் தானாக வர நாளாகும், அதனால் நன்றாக வேலை செய்கிற பழைய தொட்டியிலிருந்து கொஞ்சம் சேறு கொண்டுவந்து இதில் விட வேண்டும், சார் கல்யாணம் முடிந்து வந்ததும் ஏற்பாடு செய்வார் என்றேன். பத்து வீட்டுக்காரர்களும் கரும்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மாதான் கேட்டாள்.

"அப்ப உறை ஊத்தணும்னு சொல்லு."

நாலு வருஷப் படிப்பு, இரண்டு வருஷ வேலை. அம்மாவுக்கு முதன்முதலாக நான் செய்வது என்னவென்று புரிந்திருக்கிறது. ஆமாம்மா, அதேதான், உறை ஊற்றுகிற மாதிரிதான் என்று கரும்பலகையைத் தட்டிச் சொன்னேன். கூட்டம் மொத்தமும் தலையாட்டியது. மழைக்காலத்தில் மாவு சீக்கிரம் பொங்க, முந்தின நாள் மாவில் ஒரு கை அள்ளிப் புது மாவில் கலக்கும் ஜனங்கள். இதைவிடத் தெளிவாக யாருக்கும் யாரும் எதையும் விளக்க முடியாது என்று நினைத்தபடி தூங்கப் போனேன்.

அந்தத் தலையாட்டலின் பலன்தான் செவ்வாய்க்கிழமை காலை மூடியைத் தூக்கிக்கொண்டு வந்தது.

மூக்கு

நுரையை விரலால் தொட்டு மோந்ததும் எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. சாக்கடை வாடை இல்லை. புளித்த மாவு.

யார் ஊற்றியது என்று கேட்டேன். சித்தப்பா கல்வாழை இலையில் படிந்த நுரையைத் துடைக்கத் தொடங்கினார்.

அம்மா குனிந்தாள். வழிந்த நுரையில் ஒரு விரல், ஓர் இழுப்பு. "வெந்தயம் தூக்கலா இருக்கு. பேச்சி, இது உன் வீட்டு மாவு."

பேச்சியம்மா அத்தை வானத்தைப் பார்த்தாள். பிறகு, ஒரு சட்டிதான், நல்ல காரியம் நம் கையால் தொடங்கட்டுமே என்று நினைத்தேன் என்றாள். அதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. மல்லிகா அக்கா வீட்டு மாவில் சோறு கலந்திருக்கும், அது இதோ என்றாள் அம்மா. கோடி வீட்டு மாவு எப்போதும் அரை நாள் கூடப் புளித்தது, அதுவும் இதோ. நம்பினால் நம்புங்கள், ஒவ்வொருவராகத் தலை குனிந்தார்கள். மற்றவர்களுக்குத் தெரியாமல் ஒவ்வொரு வீட்டுக்காரரும் தனித்தனியாக வந்து ஊற்றியிருக்கிறார்கள். முதல் நாள் பொங்கவில்லையே என்று சிலர் இரண்டாம் தரமும் ஊற்றியிருக்கிறார்கள். சித்தப்பா ஊற்றியது ஒரு வாளி. தொட்டி பெரிசாச்சே, கரண்டிக் கணக்கில் ஊற்றினால் மரியாதையாக இருக்காது என்றார்.

அப்போதுதான் நபீசா இத்தா குனிந்து பார்த்தார். இருபது வருஷமாக அம்மாவின் மாவைத் தின்றவர்.

"செல்வீ," என்றார் நிதானமாக, "இதில் நின்டெ மாவும் உண்டு."

அம்மா நிமிர்ந்தாள். "நான் ஊத்தல."

யாரும் நம்பவில்லை. எப்படி நம்புவார்கள்? உறை என்ற சொல்லை எடுத்துக் கொடுத்ததே அவள். பத்து வீட்டுக்காரர்களுக்கும் ஒரே நேரத்தில் நிம்மதி பிறந்ததை அவர்கள் முகத்தில் பார்த்தேன்.

"தயிருக்கு மோர் ஊத்துவோம். மாவுக்கு மாவு ஊத்துவோம்," என்றாள் அம்மா. "சாக்கடைக்குச் சாக்கடையைத்தானே ஊத்தணும். வேலை செய்யிற தொட்டியில இருந்து எடுத்து ஊத்தணும்னு இவன்தானே சொன்னான். எனக்குத் தெரியாதா?"

மாட்டிக்கொண்ட பிறகு எல்லாருக்கும் தெரியும் மதினி என்றார் சித்தப்பா. சந்தே சிரித்தது. அம்மா என்னைப் பார்த்தாள். நான் செல்போனில் ஜோசப் சார் நம்பரைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

அடுத்த வேளை எனக்கு வந்த சாயாவில் சர்க்கரை இல்லை.

சேறு ஏறிய ஆட்டோ

ஜோசப் சார் கல்யாண மண்டபத்திலிருந்து பேசினார். பேண்டு வாத்தியச் சத்தத்துக்கு நடுவே அவர் சொன்னது இது: ஒரேயடியாக மாவு போனதால் தொட்டி புளித்துவிட்டது. புளிப்பில் நமக்கு வேண்டிய ஜீவன்கள் சாகும். உடனே கக்காச் சுண்ணாம்பு, அதாவது சிப்பிச் சுண்ணாம்பு போடு, வைப்பின் தீவுக்காரர்களிடம் கிடைக்கும். இடக்கொச்சியில் இறால் உரிக்கும் கூடத்துக்கு நாம் கட்டிய தொட்டி நன்றாக ஓடுகிறது, அங்கிருந்து சேறு எடுத்துவந்து விடு. தொட்டி தேறும்வரை ஒரு பொட்டு மாவுத் தண்ணீர் உள்ளே போகக்கூடாது.

கடைசி வாக்கியத்தைச் சந்தில் சொன்னபோதுதான் அழுகை கிளம்பியது. கிரைண்டருக்குச் சீல் விழக்கூடாது என்று கட்டிய தொட்டிக்காகக் கிரைண்டரை நாங்களே நிறுத்த வேண்டும். நிறுத்தினோம். வேறு வழி இல்லை.

சேறு கொண்டுவரச் சித்தப்பாவின் ஆட்டோ. எதில் கொண்டுவருவது? சிந்தாத, இறுக மூடுகிற, கைப்பிடி உள்ள பாத்திரம் எங்கள் சந்தில் ஒன்றுதான் உண்டு. வெள்ளை மாவு வாளி. வெந்நீரும் சோப்பும் போட்டுக் கழுவி வெயிலில் காயவைத்தால் ஒன்றும் ஒட்டாது என்று நானே சொன்னேன். விஞ்ஞானப்படி அது முழு உண்மை.

இடக்கொச்சியில் ஏற்றி, பின்சீட்டில் ஆறு வாளிகளுக்கு நடுவே நான் உட்கார்ந்து, தோப்பும்படி சிக்னலில் நின்றோம். பக்கத்தில் ஒரு ஸ்கூட்டர். அதில் பாபு சேட்டன். தினமும் எங்களிடம் மாவு எடுக்கும் ஹோட்டல்காரர். இரண்டு நாளாக மாவு வராமல், வந்தவர்களுக்கெல்லாம் ரொட்டியும் முட்டையும் கொடுத்துக்கொண்டிருந்தவர்.

அவர் என்னைப் பார்த்தார். சித்தப்பாவைப் பார்த்தார். வாளிகளைப் பார்த்தார். முகம் சிவந்தது.

"மாவு இல்லைன்னு எங்கிட்ட சொல்லிட்டு, இது ஆர்க்கா கொண்டு போறது?"

இது மாவில்லை சேட்டா என்றார் சித்தப்பா. வேறு எதுவும் சொல்லத் தோன்றவில்லை அவருக்கு. உண்மையைச் சொன்னால் நம்ப மாட்டார் என்று நான் வாயே திறக்கவில்லை. வேறு ஹோட்டலுக்கு விற்கிறார்கள் என்று பாபு சேட்டன் முடிவுகட்டிவிட்டார். ஸ்கூட்டரை ஸ்டாண்டில் போட்டு, ஆட்டோவுக்குள் தலையை நுழைத்து, வாளியை மடியில் வைத்துப் பிடித்திருந்த என் கையைத் தட்டிவிட்டு, மூடியைத் திறந்தார்.

சிக்னல் பச்சையானது. பின்னால் பஸ் ஹாரன் அடித்தது. அவர் அசையவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மூடியைப் பத்திரமாக, எல்லாப் பக்கமும் அமுக்கி, மூடினார்.

"இன்னு எனிக்கு வேண்டா," என்றார். அவ்வளவு மெதுவாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

புகார்க்காரி

வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்டர் வந்தார். நுரை அடங்கியிருந்தது. ஆனால் கடைசித் தொட்டியில் விழுந்த தண்ணீர், நீர்மோர் நிறத்தில்தான் இருந்தது. கண்ணாடிக் குப்பியில் பிடித்து வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தார். நான் சுண்ணாம்பு, சேறு, ஜீவன்கள் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் விளக்கினேன். படித்ததெல்லாம் நன்றாகத்தான் படித்திருக்கிறாய், தண்ணீர் கலங்கலாக இருக்கிறதே என்றார். கூட வந்தவர் பையிலிருந்து சீல் வைக்கும் சாமான்களை எடுத்தார்.

அம்மா கிரைண்டர் மேல் கையை வைத்து நின்றாள். அவளுக்கு அந்தக் கல்லைத் தவிர வேறு வருமானம் கிடையாது. என்னைப் படிக்க வைத்ததும் அதுதான்.

பலகைப் பாலத்தில் செருப்புச் சத்தம் கேட்டது. நபீசா இத்தா.

"பராதி என்டெயாணு சாறே. நான் எழுதினது," என்றார். "மூணு நாளாயிட்டு இவிட மாவு அரைக்கல. நாத்தமும் இல்ல. என் வீட்டில தோசையும் இல்ல. பேரப்பிள்ளைங்க என்னைப் பார்க்கிற பார்வையை சார் ஒண்ணு பார்க்கணும். இவங்களுக்கு ஒரு மாசம் கொடுங்க."

நாற்றம் என்று எழுதியவரே இப்படிச் சொன்னால் எப்படி என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். நாற்றம் வேண்டாம் என்றுதான் எழுதினேன், மாவு வேண்டாம் என்று எங்காவது எழுதியிருக்கிறேனா என்று இத்தா திருப்பிக் கேட்டார். இன்ஸ்பெக்டர் தன் கையிலிருந்த தாள்களைப் புரட்டினார். எங்கும் அப்படி எழுதியிருக்கவில்லை.

மாதக் கடைசிவரை தவணை கிடைத்தது.

வாளி

தொட்டி தேறியது. முதலில் வாரத்துக்கு ஒரு வீடு, பிறகு இரண்டு வீடு என்று கிரைண்டர்களை முறை வைத்து ஓட்டினோம். கல்வாழையில் சிவப்பாக ஒரு பூ வந்த வாரத்தில் கடைசித் தொட்டியின் அடி தெரிந்தது. சித்தப்பா அதில்தான் முதன்முதலாக ஆட்டோவைக் கழுவினார். இன்ஸ்பெக்டர் மறுபடி வந்து குப்பியைத் தூக்கிப் பார்த்து, சீல் சாமான்களைத் திறக்காமலே போனார்.

எல்லாம் சரியான பிறகும் மாவு போணியாகவில்லை.

பாபு சேட்டன் யாரிடமும் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. தான் பார்த்ததைச் சொன்னார், அவ்வளவுதான். மட்டாஞ்சேரி முழுக்க அது போய்விட்டது. எந்த ஆறு வாளி என்று எங்களுக்கே தெரியாது. எல்லா வீட்டு வாளியும் ஒரே வெள்ளை, ஹோட்டல்களுக்கும் வீடுகளுக்கும் மாறி மாறிப் போய் வருபவை. வெந்நீர், சோப்பு, வெயில் என்று நான் ஒவ்வொரு ஹோட்டலாகப் போய்ப் பேசினேன். "சயின்ஸ் சரிதான் மோனே," என்றார் பாபு சேட்டன், "வாளிதான் சரியில்ல."

ஆகவே சந்தில் இருந்த அத்தனை வாளியையும் மாற்றினோம். வெள்ளை போய் நீலம். வீட்டுக்கு மூன்று. பழையவற்றில் மண் போட்டுக் கல்வாழைக் கன்று நட்டு, தொட்டியைச் சுற்றி வைத்தோம்.

யார் பணம் கொடுப்பது என்று தொட்டியின் காங்கிரீட் மூடிமேல் உட்கார்ந்துதான் பேசினோம். பாலக்காட்டுக்காரர்கள் சொன்னது சரி, நல்ல குளிர்ச்சி. மாவு ஊற்றாமல் இருந்தால் தொட்டி புளித்திருக்காது, புளிக்காமல் இருந்தால் சாரே சேற்றைக் கொண்டுவந்திருப்பார், வாளியும் கெட்டிருக்காது. அதனால் ஊற்றியவர்கள் கொடுக்கட்டும் என்று முடிவானது. பத்து வீட்டுப் பங்கும் மூடிமேல் விழுந்தது. அம்மா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நான் ஊத்தல."

அப்பா பையில் கையை விட்டார். அம்மா பார்த்த பார்வையில் கை உள்ளேயே நின்றுவிட்டது. இந்தக் கல்லுளி மங்கத்தனத்தை எங்கே கற்றாய் என்று பேச்சியம்மா அத்தை தொடங்கினாள். ஒரு பங்கு குறைந்தபடி நோட்டுகள் காற்றில் படபடத்தன. சித்தப்பா அதன்மேல் செருப்பை வைத்தார்.

சாயங்கால மாவு வாங்க நபீசா இத்தா பாலத்தில் வந்தார். நின்று எங்களைப் பார்த்தார். புரிந்துகொண்டார். சட்டைக்குள்ளிருந்த சின்னப் பர்ஸை எடுத்து, எண்ணி, சித்தப்பாவின் செருப்பைக் காலால் நகர்த்தி, நோட்டுகளை வைத்தார்.

"இது எதுக்கு இத்தா?" என்றாள் பேச்சியம்மா அத்தை.

"ஞானும் ஒழிச்சு," என்றார் இத்தா. "ஒரு பாத்திரம் ஊத்தினேன். செல்வியிடம் வாங்கின மாவு. கிரைண்டர் பூட்டிப் போகாம இருக்கட்டேன்னு கருதி."

அம்மா எழுந்து உள்ளே போனாள். புது நீல வாளியைத் திறந்து இத்தாவின் பாத்திரத்தில் மாவு ஊற்றினாள். எப்போதும்போல ஒரு கரண்டி கூட. பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள். நான் இந்தத் தரம் செல்போனைத் தேடவில்லை. மறுநாள் காலை என் சாயா, ஸ்பூன் நட்டால் நிற்கும் இனிப்பில் வந்தது.

தொட்டி மானியத்தில் வந்தது. சுண்ணாம்பை வைப்பின்காரர் சும்மா தந்தார். சேற்றுக்கு விலை கேட்பவர் உலகத்தில் இல்லை. மாவு லைனின் கழிவுநீர் சுத்தமானதற்கு எங்கள் கையை விட்டுப் போனது முப்பத்துமூன்று நீல வாளியின் விலை மட்டும்தான். மொத்தம் ஏழாயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது ரூபாய். அதில் அம்மாவுடையது ஒரு ரூபாய்கூட இல்லை.